அவருக்கு எல்லாமே லைட்டாதான்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்று, "ஏம்மா, நெஞ்சு லைட்டா வலிக்குது" என்றார்.

சொல்லிவிட்டு ஷேவிங் பண்ணப் போய்விட்டார்.

இந்த 'லைட்டா'வைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் புலம்ப வேண்டும். இங்கிலீஷ்காரன் அந்த வார்த்தையை விளக்குக்கும் வெயிட்டுக்கும்தான் வைத்திருந்தான் என்று நினைக்கிறேன். நம் கைக்கு வந்ததும் பின்னால் ஓர் 'ஆ' சேர்த்தோம்... அதற்குப் பிறகு அது பார்க்காத வேலை இல்லை.

ஆவடி மார்க்கெட் பக்கம் என் ஸ்கூட்டரை இடித்து மட்கார்டைப் பெயர்த்துப் போட்டவர் சொன்னார்: "லைட்டாதான்க்கா பட்டுச்சு." கோவில்பதாகையில் எங்களுக்கு இந்த வீட்டைக் காட்டிய புரோக்கர் சொன்னார்: "மழைக்கு லைட்டா தண்ணி நிக்கும்மா." முதல் மழைக்கே காலி சிலிண்டர் ஹாலுக்கு மிதந்து வந்தது.

பந்தியில் மூன்றாவது ரவுண்டு பாயசம் வாங்குகிறவரும் "லைட்டா சாப்பிட்டேன்" என்கிறார். தள்ளாடிக்கொண்டு வருகிறவர் குடித்ததும் லைட்டாத்தான். எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் ஐ.டி. பெண்ணுக்கு அவள் மேனேஜர் மேல் லைட்டா கடுப்பு, தினமும். டீக்கடையில் ஒருவர் "லைட்டா, ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்று கேட்டதை நானே என் காதால் கேட்டேன். அது எப்படிப்பட்ட டீ? மாஸ்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டுக் கொடுத்தார்.

எல்லாம் சரி. ஆனால் என் வீட்டுக்காரர் கேஸ் தனி.

மதுரைப் பக்கத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்காக ஆவடி வந்தவர். ஊரிலிருந்து வரும்போது இந்த வார்த்தையை அவர் கொண்டுவரவில்லை. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் எப்படியோ ஒட்டிக்கொண்டது. கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷமாக நான் பார்க்கிறேன் — அவருக்கு எல்லாமே லைட்டாதான். மெஷினில் விரல் மாட்டி ஏழு தையல் போட்ட அன்று போனில் சொன்னது, "லைட்டா கீறிடுச்சு." அவர் அப்பா இறந்த அன்று ஊருக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். "அழுகை வருதாங்க?" என்று கேட்டேன். "லைட்டா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதுரை வரைக்கும் திரும்பவே இல்லை.

அதனால்தான் தேங்காய் மூடியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"எந்தப் பக்கம் வலிக்குது?"

"நடுவுல. நேத்து சாப்ட்ட பரோட்டாவா இருக்கும்."

"எப்பலேர்ந்து?"

கன்னத்தில் பாதி நுரையோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தாங்க கேக்குறேன். எப்பலேர்ந்து?"

"நேத்து சாயங்காலமே லைட்டா இருந்துச்சு."

அவர் முதுகைப் பார்த்தேன். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. குளித்தவர் மாதிரி வேர்த்திருந்தது.

நான் ஓர் இடத்தில் நிற்கிற ஜாதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ரேஷன் க்யூவிலேயே நாலு தடவை முன்னும் பின்னும் போய் வருகிறவள். அன்றைக்குக் கேட்க வேண்டுமா? பையைத் தேடினேன், பையை மாட்டிக்கொண்டே பையைத் தேடினேன். அவர் நிதானமாகச் சட்டையை மாட்டி, பைக் சாவியை எடுத்து, "நானே ஓட்டுறேன், நீ பின்னாடி உக்காரு" என்றார். சாவியைப் பிடுங்கி என் பர்ஸுக்குள் போட்டேன்.

ஆட்டோவில் ஏறியதும் பாஸ்கருக்கு போன் போட்டார். பாஸ்கர் ஃபேக்டரியில் அவரோடு அதே ஷாப்பில் வேலை பார்ப்பவர், ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். "மாமே, லைட்டா ஒரு வேலை. இன்னிக்கு வர லேட்டாகும்." அவ்வளவுதான் தகவல்.

மெயின் ரோட்டில் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரிசப்ஷனில் இருந்த பெண், "என்ன ப்ராப்ளம் சார்?" என்றாள். நான் ஆட்டோக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு உள்ளே வருவதற்குள் இவர் பதில் சொல்லி முடித்துவிட்டார்... சிரித்துக்கொண்டே. "லைட்டா நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கும்மா. கேஸாதான் இருக்கும்."

டோக்கன் பதினாலு. போர்டில் ஓடிக்கொண்டிருந்தது ஐந்து.

உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது. குழந்தையோடு ஒரு பெண் வந்ததும் எழுந்து அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றார். உதடு வெளுத்திருந்தது. "உக்காருங்களேன்" என்றால், "பரவால்ல விடு" என்கிறார். நான் தண்ணீர் கேன் வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். போர்டில் ஆறு.

மகள் போன் அடித்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், தினமும் அந்நேரத்துக்குப் பேசுவாள்.

"என்னம்மா, ஒரே சத்தமா இருக்கு?"

"ஆஸ்பத்திரில இருக்கோம்டி. பயப்படாத. அப்பாவுக்கு லைட்டா நெஞ்சு வலி."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. நானுமா? பெண் பயந்துவிடக் கூடாது என்று அந்த வார்த்தையை எடுத்து மூடிவிட்டேன். இத்தனை வருஷமாக அவர் என்னிடம் செய்தது அதுதானே?

அவள் விடவில்லை.

"லைட்டான்னு யாரும்மா சொன்னா? அப்பாவா?"

"ஆமா."

"அங்கயும் அதையேதான் சொன்னாரா?"

"ஆமாடி."

"அம்மா, அவர் சொன்னத விடு. நீ பாத்தத போய்ச் சொல்லு. இப்பவே போ."

போனைக் கட் பண்ணாமலே கவுன்ட்டருக்குப் போனேன். "இங்க பாரும்மா. அவருக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்து நடு நெஞ்சுல வலி. பனியன் பிழியிற அளவுக்கு வேர்த்திருக்கு. விரல்ல ஏழு தையல் போட்டதையே கீறல்னு சொன்ன மனுஷன். அவர் சொல்றத நம்பாதீங்க." ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அந்தப் பெண் எழுந்து உள்ளே ஓடினாள். ஒரு நர்ஸ் வீல்சேரோடு வந்தார். இவர், "நடந்தே வர்றேன்மா, லைட்டாதான்..." என்று ஆரம்பித்தார். நர்ஸ் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். தள்ளிக்கொண்டே என்னிடம், "மொதல்லயே நீங்க சொல்லக் கூடாதாம்மா? இங்க வர்ற பாதிப் பேர் இதைத்தான் சொல்லிக்கினு வர்றாங்க" என்றார்.

ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "அட்டாக்தான். உடனே ஆஞ்சியோ பண்ணணும். கையெழுத்துப் போடுங்க." என் பெயரை நான் எழுதிய லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இவர் போய்விடுவார் என்று பயந்தேன். அதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே நடந்தேன்... நடந்தேன். கோபம் கோபமாக வந்தது. வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்வதில் என்ன குறைந்துவிடும்? யாருக்கும் தொந்தரவு தரக் கூடாதாம். சொல்லாமல் செத்துப்போனால் மட்டும் தொந்தரவு இல்லையா?

ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

அன்று சாயங்காலமே பாஸ்கர் சாத்துக்குடிப் பையோடு வந்துவிட்டார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னா மாமே இது? லைட்டா ஒரு வேலைன்னு போன்ல சொல்லிட்டு, இங்க வந்து படுத்துகினு கீற? வலி எப்டி இருந்துச்சு?" என்றார்.

நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. வரப்போகிற பதில் எனக்குத் தெரியாதா?

அவர் பாஸ்கரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரொம்ப வலிச்சுது மாமே" என்றார். "பயந்துட்டேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'ரொம்ப' அதுதான்.