கோபிக்கக் கூடாத ஞாயிறு

புட்டியை மூடும் முன் மோந்து பார்ப்பார். மூடிய பிறகும் ஒருமுறை மோந்து பார்ப்பார் எர்மினா. எங்கள் தெருவுக்கே அத்தை என்பதால் எல்லோருக்கும் அவர் தியா எர்மினா. சென்னாக்கூனி என்கிற பொடி இறாலை உப்பும் சோறும் கலந்து புளிக்கவைத்து விற்கிறார். மலாக்காக் கடலோரத்துப் போர்த்துக்கீசியக் குடியிருப்பில் அந்தப் புட்டி இல்லாத சமையலறை கிடையாது. "பொறுத்துத் தொற. அவசரப்பட்டா நாத்தம், பொறுத்தா வாசம்" என்று சொல்லித்தான் கொடுப்பார்.

பொறுமையெல்லாம் புட்டிகளோடு சரி. போன ஜூனில், சான் பெத்ரோ திருநாளின் படகு அலங்காரப் போட்டிக்கு அவருடைய அண்ணன் பிளாசிடோ நடுவர். தங்கை வீட்டுப் படகுக்கு இரண்டாம் இடம் என்றார். அன்றோடு பேச்சு நின்றது. "விசிறி மாதிரி பாய் விரிச்சோம். இவன் கண்ணுக்குத் தொடப்பமா தெரிஞ்சிருக்கு" என்று புட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எதிர்வீட்டு அண்ணனுக்குக் கேட்கும்படிதான்.

அந்த அண்ணன் செவ்வாய்க்கிழமை சிங்கப்பூருக்குப் போகிறார், மகளோடு தங்கிவிட. இடையில் இருந்தது இன்ட்ருடு மட்டும். தவக்காலத்துக்கு முந்தைய அந்த ஞாயிறு, யார்மேல் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம். நனைந்தவர் கோபிக்கக் கூடாது.

அன்று காலையிலிருந்தே தெரு ஈரமாகக் கிடந்தது. தியா மட்டும் புட்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாளி ஊத்திட்டு வாங்களேன் தியா" என்றேன்.

"நான் ஏன் போகணும்? தோக்கடிச்சது அவன். அவன் வரட்டும்."

மாலைப் பூசைக்காக, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பிளாசிடோ கேட்டைத் திறந்தார். தியா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கையில் அகப்பட்ட வாளியோடு தெருவைக் கடந்து, அண்ணன் தலையில் அப்படியே கவிழ்த்தார்.

அது சென்னாக்கூனி அலசிய வாளி.

சட்டையெங்கும் கூனி ஒட்டியிருந்தது. பிளாசிடோ மெதுவாகக் கையை முகர்ந்து பார்த்தார். "அடிப்பாவி, பூசைக்குப் போறவன மீன் சந்தையா ஆக்கிட்டியே!"

"மொதப் பரிசு குடுத்தியே, அவன் வீட்டுல போய்க் குளிச்சுக்கோ."

"உன் பாய் கோணல்டி. இப்பவும் சொல்றேன், கோணல்."

தியா கொஞ்சம் யோசித்தார். "கோணல்தாண்ணே. காத்து அடிச்சுது."

பிளாசிடோ அவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். வாளி நிறையும் சத்தம் கேட்டது. தியா ஓடியிருக்கலாம், வீட்டுக் கதவு திறந்தேதான் இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்.