எங்கள் பெயருக்கு மாறியதும் போன பிரேக்

ஆபத்து வந்தால் தானாகவே பிரேக் போடும் வசதி இருந்ததால்தான் அந்தப் பழைய காரை மகளுக்கு வாங்கினோம். அல்சூரிலிருந்து பொம்மனஹள்ளி ஆபீசுக்கு அவள் தனியாக ஓட்டிப்போக வேண்டியிருந்தது. எதையும் முறைப்படி செய்தே பழகிய சர்க்கார் உத்தியோகக் குடும்பம் எங்களுடையது. யாரும் கேட்காமலே, கார் கம்பெனியின் செயலியில் உரிமையாளர் பெயரை நானே மாற்றினேன். உடனே அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓசூர் சாலையில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றபோதுதான் தெரிந்தது. கார் தானாக நிற்காமல் பஸ்ஸில் மோதி, மகளுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

நியாயம் கேட்கப் போனபோது கம்பெனி ஷோரூம் மேலாளர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அது ஃபர்ஸ்ட் ஓனருக்கு மட்டும்தான் மேடம். நீங்க செகண்ட் ஓனர் அல்வா?" 'இல்லையா' என்பதைக் கன்னடத்தில் கேட்டார்.

"செகண்ட் ஓனர் பொண்ணுக்கு எலும்பு ஒடஞ்சா பரவாயில்லையா?"

"கம்பெனி பாலிசி மேடம்."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அங்கே போகிறேன். கார் பார்க்க வருபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழிலோ கன்னடத்திலோ நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் முன்பணம் கட்ட இருந்த ஒரு பெண், "ஏந்திருங்க, வேற எடம் பாக்கலாம்" என்று கணவரை இழுத்துக்கொண்டு போனாள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

மேலாளர் ஓடிவந்தார். "உங்களுக்கு என்னதான் மேடம் வேணும்?"

"உங்க யாவாரம் படுக்கணும்," என்றேன்.

வாசலில் அடுத்த குடும்பம் செருப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நகர்ந்து என் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தேன்.