வெற்றிலைத் தட்டோடு கடை கடையாகப் போனவர்

கிள்ளானில் எங்கள் கயிற்றுக் கொட்டகையைக் காலையில் திறந்துகொண்டிருந்தேன். பந்திங் லோரிக்காரர் வண்டியை நிறுத்தி, "சவரிமுத்து அண்ணன் தவறிட்டாராம்" என்றார். அவரிடம் சொன்னவர் தகரக்கடைச் சீனர். சீனரிடம் சொன்னவர் பிரிக்பீல்ட்ஸ் பால்கார சிங். இத்தனை வருஷம் கூட்டாளியாக இருந்த எனக்குச் செய்தி நான்காவது ஆளாக வந்து சேர்ந்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் சவரிமுத்துவை அறிந்தவர்களுக்கு இது அதிசயமாக இராது. அவருக்கு எங்கும் ஆள் இருந்தார்கள்.

துக்க வீட்டில் ஒருவர், "நல்ல மனுஷன், ஆனா ஒரு எடத்துல நின்னு வேலை பாக்கமாட்டாரு" என்றார். பெயரை எழுதவில்லை, அவருக்கே தெரியும். அதையே நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். கூட்டாளி சொல்லலாம். மற்றவர் சொன்னால் பதில் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன், ரப்பர் விலை விழுந்த சமயம் அது. தோட்டங்கள் கயிறு வாங்குவதை நிறுத்திவிட்டன. தேங்காய் நாரில் நான் பின்னிய வாசல் மிதியடிகள் கொட்டகைக் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டாள். கோலாலம்பூரில் நடந்த விவசாயப் பொருட்காட்சியில் மூன்று நாள் கடை போடுவது, புது வாடிக்கை கிடைக்காவிட்டால் கொட்டகையை மூடிவிடுவது என்று நானும் சவரிமுத்துவும் முடிவு செய்தோம். மூடினால் எனக்குக் கப்பல்; ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த அவருக்கு, ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த அதே ரயில்வேயின் வாசல்.

முதல் நாள் கடை விரித்த சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை. நான் ஒருவனாக நின்றேன். வந்தவர்கள் மிதியடியைத் தடவிப் பார்த்தார்கள், "நல்லா இருக்கு" என்றார்கள், அன்னாசிப் பழத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். சாயங்காலம் அவர் சிரித்துக்கொண்டே வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கய்யா போன? நல்ல சரக்குக்குப் பரிசு குடுக்கிற தொர வந்தா யாரு பதில் சொல்றது?"

"தொர மிதியடி வாங்க வரல அண்ணே. ரிப்பன் குத்த வராரு. வாங்கறவன் எல்லாம் அடுத்த அடுத்த கடையில நிக்கிறான்."

"அவன் விக்க வந்தவன்யா."

"விக்கிறவனுக்குக் கயிறு வேணாமா? மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கூட்டம் கலையுது பாருங்க, அப்ப எல்லாக் கடைக்காரனும் ஈ ஓட்டிக்கிட்டுதான் இருக்கான். வாங்க, நாளைக்கு ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

நான் போகவில்லை. நல்ல சரக்கைத் தேடி ஆள் வரவேண்டும் என்பது என் கட்சி. இரண்டாம் நாளும் நான் அசையவில்லை. அன்று சாயங்காலம் அவர், "சரி. நீங்க நகரமாட்டீங்க. ஊரை இங்க கொண்டாந்துடறேன்" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம், கூட்டம் கலைந்த அந்த நேரத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, சந்தனம் எல்லாம் வைத்துக்கொண்டு புறப்பட்டார். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் ஒவ்வொரு கடை முன்பும் நின்று, "நாலு மணிக்கு நம்ம கடைக்கு வரணும், குடும்பத்தோட வரணும்" என்று அழைத்தார். மலாய்க்காரர்களும் வெற்றிலை வைத்து அழைக்கிறவர்கள்தான், மரியாதையோடு எடுத்துக்கொண்டார்கள். தகரக்கடைச் சீனர் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, யாருக்குக் கல்யாணம் என்று மலாயில் கேட்டாராம். "எங்க அண்ணனோட கயித்துக்கு. மாப்பிள்ளை தேடறோம்" என்றாராம் இவர்.

வெற்றிலை எடுத்தவர்கள் வராமல் இருப்பார்களா? நாலு மணிக்கு வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை; கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் சீனர் ஒரு வாளி கொண்டுவந்தார், சிங் ஒரு செம்புப் பால் கொண்டுவந்தார், பாய் முடையும் மலாய் அம்மா ஒரு சின்னத் தடுக்கு கொண்டுவந்தார். உட்கார நாற்காலி ஏது? என் மிதியடிகளையே விரித்தேன். கயிற்றுச் சுருள்களை முக்காலியாகப் போட்டேன். அவர்களை விட்டுவிட்டு எங்கே போவது? அழைத்த வீட்டுக்காரன் நான்தானே. வந்தவர்களை உபசரித்தேன்.

அன்று காலையில்தான் சிங் பொருட்காட்சிக்குக் கொண்டுவந்திருந்த பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, ரோஜாச் செடிக் காட்சியில் பாதியைத் தின்றிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த சுருளைக் கையால் இழுத்துப் பார்த்தார். எழுந்து, காலால் மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். பிறகு சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, இதுபோல் மாதாமாதம் வேண்டும் என்றார். சீனருக்கு வாளிகளைக் கட்டி லோரியில் ஏற்றக் கயிறு வேண்டியிருந்தது. உட்கார்ந்து எழுந்த மிதியடிகளையே சிலர் கையோடு கேட்டார்கள்.

அந்த நெரிசலில்தான் பரிசு கொடுக்கிற துரை வந்தார். உள்ளே வர வழியில்லை. எட்டிப் பார்த்துவிட்டு இரண்டாம் பரிசு ரிப்பனைக் குத்திவிட்டுப் போனார். முதல் பரிசு வாங்கிய மிதியடியை நான் பார்த்தேன்; ஓரம் பிரிந்திருந்தது. இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

"விடுங்கண்ணே. ரிப்பன்ல பசுவைக் கட்ட முடியுமா?" என்றார் சவரிமுத்து.

வீட்டுக்குப் போனதும் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, டிரங்குப் பெட்டியில் அரிசியைக் கொட்டி வைத்தாள். இன்றும் அதில் அரிசிதான் இருக்கிறது.

சவரிமுத்துவின் முப்பதாம் நாள் மாதா கோவில் பூசைக்கு ஆட்களுக்குச் சொல்லவேண்டும் என்று அவர் மனைவி சொன்னபோது, யாரையாவது அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நானே புறப்பட்டேன். துக்கத்துக்கு வெற்றிலை வைப்பதில்லை; வெறுங்கையோடு போனேன். தகரக்கடையில் சீனர் என்னை உட்காரவைத்து, கோப்பி வரவழைத்து, "இத்தனை வருஷம் உன் கயிறு வாங்குகிறேன், இப்போதுதான் என் கடைக்கு வருகிறாய்" என்றார் மலாயில். எழுந்திருக்க விடவில்லை. சவரிமுத்து அவரிடம் சொன்ன கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பாதிக் கதைகளில் நான்தான் கோமாளி. பத்து வீடு சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்று போனவனுக்குப் பகல் முழுக்க ஓடிவிட்டது. திரும்பும்போது இரண்டு புது வாடிக்கை வேறு. நான் கேட்கவே இல்லை.

அந்தப் பித்தளைத் தட்டை அவர் மனைவி என்னிடம் கொடுத்திருக்கிறார். புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். அடுத்த பொருட்காட்சியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு எங்கள் கடைக்கு வருகிற கடைக்காரர்கள், மேசைமேல் சாக்கு போர்த்தியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போகவேண்டாம். உங்கள் கடையில் போய்ப் பாருங்கள். தட்டோடு அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.