மியூனிக் சந்தையில் புளிச்சோறு

அம்மா கிளறிய புளிச்சோற்றை அப்பா குப்பைத்தொட்டியில் போட்ட கதையை எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் எடுப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஜெர்மனியில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, எங்களை மியூனிக்குக்கு அழைத்திருந்தார். எங்கள் ஊரான செனாயில் தொழிற்சாலை வேலையில் இருந்த அப்பாவுக்கு லீவு கிடைத்ததோ புரட்டாசியில். புரட்டாசி முழுக்க அம்மா கவுச்சி தொடமாட்டார். மியூனிக்கின் பழைய சந்தைக்குப் போகிறோம், அங்கே எங்கு பார்த்தாலும் இறைச்சிதான் என்று கேள்விப்பட்டதும், காலையிலேயே பெருங்காயம் மணக்கப் புளிச்சோறு கிளறி, ஊரிலிருந்து வறுத்துக் கொண்டுவந்த சோயாபீன்ஸ் தெம்பேயையும் மேலே வைத்து டப்பாவை மூடினார்.

"ராஜா காலத்துலேர்ந்து இந்தச் சந்தை இங்கதான் இருக்கு" என்று மாமா ஏதோ தானே கட்டியதுபோல் பெருமையடித்தார். சீஸ், பீப்பாயில் ஊறிய வெள்ளரிக்காய், என் கை நீளத்துக்குத் தொங்கிய சாஸேஜ்கள். எங்கள் ஊர் இரவுச் சந்தையான பாசார் மாலாம் போல ஒருவரும் கூவி விற்கவில்லை. எனக்குச் சப்பென்றிருந்தது.

சந்தை நடுவே மரத்தடியில் நீள நீளமான மேஜைகள். எங்களை உட்காரவைத்துவிட்டு மாமா குடிக்க வாங்கப் போனார். அம்மா டப்பாவைத் திறந்தார். வாசனை கிளம்பியது. பக்கத்து மேஜைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

"மூடு அத! நாத்தம் புடிச்சத நாலு பேரு முன்னால தொறக்குற" என்றார் அப்பா.

"பசிக்குதுங்க. எனக்கு இங்க வேற என்ன இருக்கு?"

அப்பா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய் அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். நான் ஒரு பருக்கை சிந்தினாலே கரண்டியைத் தூக்கும் அம்மா, வாயே திறக்கவில்லை. எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது.

மாமா வந்ததும் நான் போட்டுக் கொடுத்தேன்.

"அலமாக்! அத்தான், விரிப்பு போடாத மேஜைல குடிக்கிறத மட்டும் இங்க வாங்கினா போதும். சாப்பாடு வீட்டுலேர்ந்து கொண்டாரலாம்லா. இவங்க பழைய வழக்கமே அதான்."

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். மேஜைக்கு மேஜை வீட்டு டப்பாக்கள். அந்தக் கிழவரும் தன் பொட்டலத்தைப் பிரித்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார் வேறு.

அப்பா எழுந்து போய், உப்புத் தூவிய முறுக்கு ரொட்டி ஒன்றை வாங்கி வந்து அம்மா முன் வைத்தார். அம்மா பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"எனக்கு அந்தச் சோறுதான் வேணும். அப்பாவ எடுத்துத் தரச் சொல்லுங்க."

மேஜைக்கு அடியில் அம்மா என் தொடையைக் கிள்ளினார். "வாய மூடு."

ஊர் திரும்பும்வரை நான் அப்பாவிடம் பேசவில்லை.

போன தீபாவளிக்கு அப்பாவுடன் வேலை பார்த்த நண்பர் வந்திருந்தபோது, அப்பாவை வைத்துக்கொண்டே இந்தக் கதையை அவிழ்த்துவிட்டேன். நண்பர் சிரிக்கவில்லை.

"நீங்க அங்க போறதுக்கு முன்னாடி நடந்தது இது. கேண்டீன்ல ஒரு மேனேஜர், 'நாத்தம்'னு சொல்லி, எல்லார் முன்னாலயும் உங்கப்பா டப்பாவக் குப்பையில போட்டான். அன்னையிலேர்ந்து இவரு மோட்டார் நிறுத்துற கொட்டாயிலதான் நின்னுக்கிட்டே சாப்புடுவாரு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அந்த டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்தவர் அவர்தானே. சந்தையில் அம்மா பயந்துபோய்ப் பேசாமல் இருந்ததாகத்தான் நான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

அப்பா செய்தது தப்புதான், அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் உடம்பெல்லாம் எரிந்தது.

"யாரு அந்த மேனேஜர்? பேரு என்ன?"

நண்பர் நெற்றியைத் தேய்த்தார். "மறந்துபோச்சு."

அப்பா தட்டிலிருந்து நிமிராமல் முழுப் பெயரையும் சொன்னார்.