கூடுவாஞ்சேரி நெரிசலில் நான் ஓடிய ஒன்பது கிலோமீட்டர்

காலை ஐந்து மணிக்கு ஃபோனில் பொன்மொழி அனுப்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. உதிக்கும் சூரியன், அதன் மேல் 'விடாமுயற்சி' என்று பெரிய எழுத்து, கீழே கைகூப்பும் பொம்மை. எங்கள் ஓட்டக் குழுவின் கேப்டன் தினமும் தவறாமல் அனுப்புவார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயதில் கொக்கு மாதிரி உடம்பு. அவர் அனுப்பிய பொன்மொழிகளால் ஒரு நாள்கூட நான் படுக்கையை விட்டு எழுந்ததில்லை.

மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. வருகிற உருப்படியை அளப்பேன், அளவு தப்பினால் சிவப்புத் தொட்டியில் போடுவேன். பத்தொன்பது வருடமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவளிடம் இனிமையை எதிர்பார்க்கக் கூடாது.

போன வருடம் முழு மாரத்தான் ஓடப் போனேன். மாமல்லபுரத்தில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய்த் திரும்ப வேண்டும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இருபத்தேழாவது கிலோமீட்டரில், வடநெம்மேலிக்குப் பக்கத்தில், என் குதிகால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வரும் வேனில் ஏற்றினார்கள். உள்ளே இருந்த தொண்டர் வாழைப்பழம் கொடுத்து, "பரவால்ல மேடம், பார்ட்டிசிபேட் பண்ணதே பெரிசு" என்றார். பழத்தைத் தின்றேன். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மருத்துவர் ஆறு வாரம் ஓடாதே என்றார். நான் ஐந்து மாதம் ஓடவில்லை. வலி ஏழாவது வாரமே போய்விட்டது. மிச்ச நாளெல்லாம் வெறும் வீம்பு. வீட்டுக்காரர் "அப்பாடா, இனிமே காலைல நேரத்துக்கு காபி கிடைக்கும்" என்றார். அவருக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். நாலரைக்கு அலாரம் அடிக்கும், அணைப்பேன், பிறகு ஏழு மணி வரை தூங்காமல் கிடந்து என்னையே திட்டிக்கொண்டிருப்பேன். மறுபடியும் ஓட முடியுமா என்பது ஒரு பயம். முயற்சி செய்து, மறுபடியும் அந்த வேனிலேயே உட்கார நேர்ந்தால் என்ன ஆவேன் என்பது அதைவிடப் பெரிய பயம்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஓடும்போது கையில் கட்டியிருக்கும் வாட்ச், ஓட்டம் முடிந்ததும் தூரம், நேரம், நாடித் துடிப்பு எல்லாவற்றையும் தானாகவே குழுவுக்கு அனுப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை கேப்டன் பட்டியல் போடுவார். அந்த வாரம் ஒன்றும் அனுப்பாதவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அழும் மஞ்சள் மூஞ்சி. ஐந்து மாதமாக என் பெயருக்குப் பக்கத்தில் அந்த மூஞ்சி அழுதது.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை. கம்பெனி பஸ் ஊரப்பாக்கத்துக்கு வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடமாவது ஓடித் தொலைப்போம் என்று வாட்சை அழுத்தினேன். இருநூறு அடி போயிருப்பேன், பஸ் அன்றைக்கென்று முன்னதாக வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தேன். சீருடைக் கோட்டின் முழுக்கைக்குள் வாட்ச் ஓடிக்கொண்டே இருந்ததை மறந்துவிட்டேன். ஜிஎஸ்டி ரோட்டில் கூடுவாஞ்சேரிக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றுபோயிருந்தது. பஸ் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. பொத்தேரி தாண்டியும் அதே கதைதான். தொழிற்சாலை வாசலில் இறங்கியபோது வாட்ச் பீப் என்றது. அவசரத்தில் அதன் தலையில் தட்டி அணைத்துவிட்டு உள்ளே போனேன்.

மதியம் ஃபோனைப் பார்த்தால் குழு கொண்டாடிக்கொண்டிருந்தது. ஒன்பது கிலோமீட்டர், எழுபது நிமிடம். நான் நல்ல உடம்போடு ஓடிய காலத்திலும் எனக்கு வராத வேகம். 'புலி திரும்பி வந்துவிட்டது' என்று ஒருவர். கேப்டன் ஒரு படி மேலே போய், என் நாடித் துடிப்பைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். எண்பத்தொன்று. ஒன்பது கிலோமீட்டர் ஓடியும் எண்பத்தொன்றுதான். இதுதான் வருடக்கணக்கில் போட்ட அஸ்திவாரம், எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். ஜன்னலோரம் சாய்ந்து கொட்டாவி விடுகிறவளுக்கு எண்பத்தொன்று இல்லாமல் நூற்று அறுபதா இருக்கும்? இருபது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிறு வரை காத்திராமல் கேப்டன் அன்றே என் பெயருக்குப் பக்கத்தில், ஐந்து மாதத்துக்குப் பிறகு, சிரிக்கும் மூஞ்சி போட்டிருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கம் கெட்ட காரணம்தான், ஆனால் அதுதான் காரணம்.

முதல் தடவை மறதி. இரண்டாம் தடவை மறதி இல்லை. பஸ் ஏறும்போது தெரிந்தே அழுத்தினேன். சாலை காலியாக இருந்து பஸ் வேகமெடுத்தால் உடனே நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் குட்டு உடைந்துவிடும். ஜிஎஸ்டி ரோட்டில் நெரிசல் வர வேண்டும் என்று சாமி கும்பிட்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். நடுவே இரண்டு நாளைக்கு ஒரு முறை உண்மையாகவே மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓடினேன். அந்த உண்மை ஓட்டங்கள் பஸ் ஓட்டத்துக்கு முன்னால் பரிதாபமாகத் தெரிந்ததால் வாட்சை வீட்டில் கழற்றி வைத்துவிட்டே அவற்றை ஓடினேன். பக்கத்து சீட்டில் வரும் அசெம்பிளி லைன் பெண் ஒரு நாள் என் மணிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, குந்திகினே ஓடறியா?"

"உன் வேலையப் பாரு."

"நானும் உன் கூட தான் ஓடியாரேன். எனக்கும் ஒரு மெடலு சொல்லி வையி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

இது இதோடு போயிருந்தால் எழுத ஒன்றுமில்லை. குழுவில் புதிதாக ஒருவன் சேர்ந்திருந்தான். செங்கல்பட்டுக்காரன், முப்பத்தாறு வயது. விவசாயக் குடும்பம், நிலத்தை விட்டுவிட்டு இரண்டு டெம்போ வாங்கி லோடு அடிக்கிறான். சர்க்கரை வந்துவிட்டது, எடையைக் குறைக்காவிட்டால் ஊசிதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடப்பான், அவ்வளவுதான். கேப்டன் அவனுக்கு என் பஸ் ஓட்டத்தை உதாரணமாகக் காட்டினார். அவன் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். "யக்கா, கால் வுட்டுப்போயி அஞ்சு மாசம் படுத்துகினு இருந்த நீயே ஓடறே, எனக்கு இன்னா கேடு? இன்னிக்கி மூணு ஓடிட்டேன்க்கா." பிறகு ஐந்து. பிறகு எட்டு. ஒவ்வொரு மெசேஜையும் கேட்டுவிட்டு அழித்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் இவனை என்னை நம்பச் சொன்னது?

ஒன்பது வாரம் கழித்து வந்த ஒரு ஞாயிறு, மாமல்லபுரத்தில் இருந்து நெம்மேலி வரை போய்த் திரும்பும் இருபது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு என்னை முன்னோடியாகப் போட்டார் கேப்டன். ஷிப்ட், உறவுக்காரர் கல்யாணம் என்று அதுவரை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் டிமிக்கி கொடுத்தவள் நான். அன்று தப்ப முடியவில்லை, டெம்போக்காரன் ஊரப்பாக்கத்துக்கே வண்டியைக் கொண்டுவந்து ஹாரன் அடித்தான். "யக்கா, இன்னிக்கி உன் பின்னாலயே வந்துகினு இருப்பேன்" என்றான். வழி முழுக்கக் கண்ணை மூடித் தூங்குவது போல் நடித்தேன்.

நெம்மேலி வரை வீம்பில் போய்விட்டேன். திரும்பி இரண்டு கிலோமீட்டர் வந்ததும் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. சவுக்குத் தோப்போரம் மணலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வந்து நின்றவனுக்கு முகமெல்லாம் வியர்வை, ஆனால் மூச்சு நிதானமாக இருந்தது. "எந்திரிக்கா. நீயே குந்திகினா எப்டி?" என்றான்.

அந்த 'நீயே' தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"நான் ஓடவே இல்லடா. அது கம்பெனி பஸ். நீ பார்த்தது எல்லாம் பஸ்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் மாறியது.

"இன்னா சொல்றே? நீ பஸ்சுல குந்திகினு போனத பாத்துட்டா நான் நாலு மணிக்கு எந்திரிச்சேன்? நாய் தொரத்தி வுழுந்து முட்டி பேந்துச்சே, அதுக்கப்பறமும் ஓடினேனே, அது உன்ன பாத்துட்டா?"

"ஆமா."

"தூ" என்றான். மணலில்தான் துப்பினான். அப்புறம் சாலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இரு, மிச்சம் எட்டு கீது. ஓடி முடிச்சிட்டு உன்ன வெச்சிக்கறேன்." சொல்லிவிட்டு ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஓட்டத்தை நான் பரிசோதகியின் கண்ணோடு பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பின்னால் கேப்டன் ஸ்கூட்டரில் தண்ணீரும் குளுக்கோஸும் எடுத்துக்கொண்டு வந்தார். அவரிடமும் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டரில் மாட்டினார். பிறகு, "மேடம், இதை குரூப்ல சொல்லிடாதீங்க. எல்லாரோட மோட்டிவேஷனும் போயிடும். வண்டில ஏறுங்க, முட்டி வலின்னு சொல்லிக்கலாம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த நிமிடம் அவரை ஸ்கூட்டரோடு கடலில் தள்ளியிருப்பேன். என் பொய்யை நான் சொல்வதே எனக்குக் கேவலமாக இருந்தது, இன்னொருவர் அதற்கு மெருகு போட்டுத் தருகிறார். தவிர, மாமல்லபுரத்தில் ஒருவன் என்னைத் திட்டுவதற்காகக் காத்திருக்கிறான். ஸ்கூட்டரில் போய் இறங்கி அதை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை. எழுந்தேன். முதல் இரண்டு கிலோமீட்டர் நொண்டினேன். அதற்குப் பிறகு நடையும் ஓட்டமுமாக, கேப்டனைத் திட்டினேன், வேன் தொண்டரைத் திட்டினேன், இடித்துவிடுவது போல் உரசிப்போன காரையெல்லாம் திட்டினேன். கடைசி இரண்டு கிலோமீட்டரில் திட்ட மூச்சு இல்லை, ஓட மட்டும்தான் இருந்தது.

அவன் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தான். சர்க்கரை இல்லாத டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தான். கடைக்காரர், இட்லி தின்றுகொண்டிருந்த ஆட்டோக்காரர்கள், எல்லோர் முன்னாலும் திட்டினான். ஏமாத்துக்காரி என்றான், அக்கான்னு கூப்ட்ட வாயைக் கழுவணும் என்றான். நின்று முழுதாக வாங்கிக்கொண்டேன். எல்லாம் தீர்ந்த பிறகு, "உன் வாட்ச இனிமே நம்ப மாட்டேன். நாளைலேர்ந்து காலைல வீடியோ கால் பண்ணுவேன். ரோட்ட காமிக்கணும், கால காமிக்கணும்" என்றான்.

வீட்டுக்குப் போனதும் குழுவில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கேப்டன் அதை அழித்தார். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அழித்தார். குழுவை விட்டு வெளியேறினேன்.

மறுநாள் நாலே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. அவனும் எங்கோ இருட்டில் ஓடிக்கொண்டிருந்தான், திரையில் மூக்கும் தெருவிளக்கும் மட்டும் மாறி மாறித் தெரிந்தன. "எங்க கீறே? கீழ காட்டு." காட்டினேன். "சர்தான்" என்று வைத்துவிட்டான். நல்ல வார்த்தை ஒன்று கிடையாது. மழையில் அடித்தான், தீபாவளியன்று அடித்தான், எனக்குக் காய்ச்சல் வந்தபோது தெர்மாமீட்டரைக் காட்டச் சொன்னான். நம்பிக்கை வைத்த இருபது பேரால் என்னைக் கிளப்ப முடியவில்லை, இந்த நம்பாதவன் கிளப்பினான்.

ஜனவரியில் மறுபடியும் அதே சாலையில் முழு மாரத்தான். ஐந்து மணி ஐம்பத்தொரு நிமிடம். மோசமான நேரம், ஆனால் என் காலில் வந்த நேரம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். தொட வந்த தொண்டரை எட்டிப் போகச் சொன்னேன். டெம்போக்காரன் அன்று பாதித் தூரமான இருபத்தொன்றை ஓடிவிட்டு, லோடு இருக்கிறதென்று எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தான்.

மறுநாள் நாலே முக்கால். ஃபோன் அடித்தது.

"எங்க கீறே?"

"படுக்கையிலடா. நேத்து நாப்பத்திரண்டு ஓடினேன், தெரியுமில்ல?"

அவன் ஓட்டத்தை நிறுத்தவில்லை, திரையில் தெருவிளக்குகள் பின்னால் போயின.

"நான் பாக்கலியே" என்றான்.

செருப்பால் அடிப்பேன் என்று கத்தினேன். வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார். கத்திக்கொண்டே, சுவரைப் பிடித்து எழுந்து, இருட்டில் காலுறையைத் தேடினேன்.