நாலு ரூம்பு வீடும் ஒரு சட்டி பழையதும்

குத்தாலத்துக்கு வருத வெள்ளக்காரன் அத்தன பேருகிட்டயும் மணிக்கணக்கா இங்கிலீஷ் பேசுன ஆளு நான். பொய்யி. பேசுனது மொத்தமே ஆறு வார்த்த. அதையும் அவன் முதுகப் பாத்துத்தான் பேசிருக்கேன். மூஞ்சியப் பாத்து ஒருநாளும் பேசுனது கெடையாது.

ஏன்னா எனக்கு வேல எண்ண தேய்க்குதது. சாரல் விழுத நாலு மாசம் அருவிக்கரையில பலகையப் போட்டு, வருத ஆளுக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் தேச்சு, தட்டி, அருவிக்குள்ள தள்ளி விடணும். அதுக்கு சிட், டர்ன், ஹெட், டவுன், குளோஸ், பினிஷ் போதும். அதுக்கு மேல எவனாவது பேச்சுக் குடுத்தான்னா, முதுகுல ஓங்கி ரெண்டு தட்டு தட்டுவேன். அவனே வாய மூடிக்கிடுவான்.

இந்த ஆறு வார்த்தைய வச்சுத்தான் நான் கல்யாணமே முடிச்சேன். பொண்ணு வீடு கடையம். மாமாவுக்கு வயலு, ஏர்மாடு, கொஞ்சம் கெத்து எல்லாம் உண்டு. "மாப்ளைக்கு என்ன தெரியும்?"னு கேட்டாரு. "இங்கிலீஷ்"னேன். மனுசன் அசந்து போயிட்டாரு. பொண்ணு மட்டும் கதவுக்குப் பின்னால நின்னு சிரிச்சாளாம். அது எனக்குப் பொறவுதான் தெரியும்.

உலகச் சண்ட தொடங்குததுக்கு ரெண்டு மூணு வருசம் முந்தி, ஒரு சீசன்ல சாரலே விழல. அருவி நூலு மாதிரி வழியுது. ஒரு ஈ காக்கா கரைக்கு வரல. நான் பலகையில நானே படுத்து எனக்கு நானே எண்ண தேச்சுக்கிட்டு கெடந்தேன். அப்ப எம் பொண்டாட்டிக்கு அஞ்சு மாசம். மாமா வந்தாரு. வெத்தலைய மென்னுக்கிட்டே சொல்லிட்டாரு:

"மாப்ள, தண்ணி விழுந்தாத்தான் சோறுங்கறது ஒரு பொழப்பா? கொழும்புல நம்மாளு கட வச்சிருக்காரு. இந்த மாசக் கடைசிக்குள்ள நிலையா ஒரு வேல தேடிக்கிடும். இல்லன்னா உம்மக் கப்பல் ஏத்தி விட்டுட்டு, எம் புள்ளய நான் கடையத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அவரு போன பொறவு அவ அடுப்பு ஊதிக்கிட்டே இருந்தா. அதுல தீயே இல்ல. எங்க தெருவுல கொழும்புக்குப் போன ஒருத்தன் திரும்பி வரும்போது, அவன் மகன் அவனப் பாத்து "மாமா"ன்னு கூப்பிட்டத நாங்க ரெண்டு பேரும் பாத்திருக்கோம்.

அந்த நேரத்துலதான் ஒரு சேதி வந்துச்சு. ஐந்தருவிக்குப் போற ரோட்டுல ஒரு துரை பங்களா. அங்கன வீட்டு வேலைக்கும் அடுப்படி ஒத்தாசைக்கும் ஆள் வேணுமாம். வருசம் பூரா வேல. ஆனா இங்கிலீஷ் பேசணும். துரைசானியே பரீட்ச வைப்பாவளாம். ஒன் வீட்டப் பத்திப் பேசு, ஒன் சாப்பாட்டப் பத்திப் பேசு, இந்த ரெண்டுதான் கேள்வி. எட்டு நாள் இருந்துச்சு.

எனக்குப் படிச்சுக் குடுக்க ஆளு வேணும்லா? இருந்தாரு ஒருத்தரு. எம் பொண்டாட்டிக்கு அண்ணன், எனக்கு மச்சான். தென்காசியில ஜவுளிக் கடையில துணி கிழிக்காரு. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைய மூணு தடவ எழுதி மூணு தடவையும் தோத்தவரு. ஒரு தடவையில ஜெயிச்சவனுக்குப் பரீட்சயப் பத்தி என்ன தெரியும்? மச்சானுக்கு அதுல சந்து பொந்து எல்லாம் தெரியும்.

"மாப்ள, ரகசியம் இதுதான். நிக்கக் கூடாது. நின்னா அவன் ஊட பூந்து கேள்வி கேப்பான். ரயிலு மாதிரி போயிக்கிட்டே இருக்கணும்."

"மூச்சு விடலாமா மச்சான்?"

"கமாவுல விட்டுக்கிடும்."

கமான்னா என்னன்னு நான் கேக்கல. கேட்டா நான் படிக்காதவன்னு தெரிஞ்சிரும்லா.

மச்சான் துணி சுத்துத தாள்ல தமிழ் எழுத்துலயே இங்கிலீஷ எழுதிக் கொண்டாந்தாரு. எனக்குத் தமிழ் எழுத்தும் தெரியாது. எம் பொண்டாட்டி மூணாப்பு படிச்சவ. அவ எழுத்துக் கூட்டி வாசிப்பா, நான் கூடச் சொல்லணும். அதுல என்ன இருந்துச்சுன்னு நெனைக்கிய? எங்க வீட்டுல நாலு ரூம்பாம். மாடியாம். தோட்டமாம். ரெண்டு பசுவாம். காலையில இட்லி, வட, காப்பி. மத்தியானம் நெய்யி, சாம்பாரு, அப்பளம், பாயசம். கேக்கக் கேக்க எனக்கே அந்த வீட்டுக்குக் குடி போயிரலாம்னு தோணுச்சு.

"மச்சான், இது யாரு வீடு?"

"ஏன்? ஒம்ம வீடுதான். ரோட்டுல ஒருத்தன் என்ன சாப்புட்டீருன்னு கேட்டா பழையதுன்னா சொல்லுவீரு?"

அது சரிதான். நம்மூருல எவன் சொல்லிருக்கான்? பழைய சோத்தக் குடிச்சிட்டு வாயத் தொடச்சிக்கிட்டு வெளிய வருவான். யாராவது கேட்டா "இட்லியும் சட்னியும்"பான். கேட்டவனும் பழையது குடிச்சிட்டுத்தான் வந்திருப்பான். அவனும் "எங்க வீட்டுல தோசை"ம்பான். ரெண்டு பேரும் ஏப்பம் விட்டுக்கிட்டுப் போயிருவாங்க.

"வெள்ளக்காரி முன்னால போயி கஞ்சின்னு சொன்னா, பொண்ணு குடுத்த எங்க அப்பாவுக்குல்லா கேவலம்"னாரு மச்சான். அதோட முடிஞ்சுது.

ஆனா எம் பொண்டாட்டி வேற ஒரு பள்ளிக்கூடம் வச்சா. அடுப்படியிலதான். எதக் கேட்டாலும் இங்கிலீஷ்ல கேட்டாத்தான் குடுப்பா. பாயசம் எப்படி இருக்கும்னு அவளால காட்ட முடியுமா? இருந்தால்லா காட்டுவா! வீட்டுல இருக்கதத்தான் தூக்கித் தூக்கிக் காட்டுனா. தாள்ல இல்லாத வார்த்தைய எல்லாம் அவ அண்ணன்கிட்டத் தனியா கேட்டு வச்சிருந்தா.

சின்ன உள்ளிய விரல்ல புடிச்சுக்கிட்டு, "இது என்ன?"ம்பா.

"உள்ளி."

"சோறு கெடையாது. இது என்ன?"

"ஏட்டி, பசிக்குடி!"

"பசிக்குன்னு இங்கிலீஷ்ல சொல்லும், தாரேன்."

இப்படியே எட்டு நாளு. பழையதுக்கு ஓல்டு ரைஸு. உள்ளிக்கு ஸ்மால் ஆனியன். மொளகாய்க்கு சில்லி. கூர ஒழுகுததுக்கு ரெயின் இன்சைடு. மொத நாளு நான் வெறும் வயித்தோட படுத்தேன். மூணாவது நாளு உள்ளிய ஜெயிச்சேன். ஆறாவது நாளு தொட்டுக்கிட வெஞ்சனமும் கெடச்சுது. இதுக்குள்ள அவ என்னையவிட நல்லாப் பேச ஆரம்பிச்சுட்டா. பேசாம அவளையே பரீட்சைக்கு அனுப்பிரலாம்னு நெனச்சேன். அஞ்சு மாச வயித்தோட எப்படி அனுப்ப?

பரீட்ச அன்னைக்கு மச்சான் அவரு சட்டையக் குடுத்தாரு. ரெண்டு பேரு உள்ள போலாம் அதுக்குள்ள. பங்களாவுல எனக்கு முந்தி நாலு பேரு. ஒவ்வொருத்தனா உள்ள போயி, வெயில்ல காய்ஞ்ச மூஞ்சியோட வெளிய வாரான். உள்ள ஒரு பெரிய மேச. அதுக்குப் பின்னால துரைசானி. பக்கத்துல நம்மூரு குமாஸ்தா ஒருத்தரு, தாளும் பேனாவுமா. துரைசானி என்னமோ கேட்டாவ. "ஹவுஸு"ங்கறது மட்டும் காதுல விழுந்துச்சு. அது போதும்லா? விட்டேன் ரயில.

நாலு ரூம்பு! மாடி! தோட்டம்! ரெண்டு பசு! நிக்கவே இல்ல. ஹவுஸுல இருந்து சாப்பாட்டுக்குத் தாவி, இட்லி, வட, காப்பி, நெய்யி, சாம்பாரு, அப்பளம்னு பந்தி வச்சு, பாயசத்துல போயி மூச்சு வாங்கி நின்னேன். ஒரு எழுத்து தப்பல. துரைசானி கண்ண அகல விரிச்சாவ. ஜெயிச்சுட்டோம்டா, கொழும்பாவது கப்பலாவதுன்னு நெனச்சேன்.

துரைசானி குமாஸ்தா பக்கம் திரும்பி ரெண்டு வார்த்த சொன்னாவ. அவரு பேனாவ மூடிட்டாரு.

"சரி வே, நீரு போகலாம்."

"எப்ப வேலைக்கு வரணும் ஐயா?"

"எந்த வேலைக்கு? நாலு ரூம்பும், ரெண்டு பசுவும், தெனம் பாயசமும் உள்ள ஆளுக்கு இங்கன தட்டு கழுவுத வேல எதுக்குன்னு அம்மா கேக்காவ. பொழப்பு இல்லாத ஒருத்தனுக்குக் குடுக்கணுமாம். நீரு பவுசா இருக்கீருல்லா, போயி பசுவப் பாரும்."

தரையில நிக்கேனா கப்பல்ல நிக்கேனான்னு தெரியல. எட்டு நாளு பாடுபட்டு எனக்கு நானே மாடி கட்டி, அந்த மாடியில இருந்து நானே குதிச்சிருக்கேன். வாசல் வரைக்கும் போயிட்டேன். வெளிய பாத்தா வேலியோரமா அந்த வீட்டுத் தோட்டக்காரன் துண்ட விரிச்சு, தூக்குச் சட்டியத் தெறந்து, உள்ளியக் கடிச்சுக்கிட்டு பழையது குடிக்கான். அந்த உள்ளியப் பாத்ததும் எம் பொண்டாட்டி மூஞ்சி வந்து நிக்கி. "இது என்ன?"ங்கா.

திரும்பி உள்ள வந்தேன். குமாஸ்தா "என்னவே?"ன்னாரு. அவரப் பாக்கல. துரைசானி மூஞ்சிய நேராப் பாத்தேன். வெள்ளக்கார மூஞ்சிய நான் நேராப் பாத்துப் பேசுனது அப்பத்தான்.

"மேடம், நோ போர் ரூம். ஒன் ரூம். நோ மாடி. ரெயின் இன்சைடு."

துரைசானி நிமுந்தாவ.

"நோ பசு. பசு நெக்ஸ்ட் ஹவுஸ். மை ஹவுஸ், ஸ்மெல் ஒன்லி."

குமாஸ்தா தலையில கைய வச்சாரு. துரைசானி கைய நீட்டி, மேல சொல்லுன்னு சைகை காட்டுனாவ. பசுன்னா அவுகளுக்கு எப்படித் தெரியும்னு யோசிக்கியளா? தாள்ல மனப்பாடம் பண்ணுன வார்த்த அப்ப வாயில வரல, ரெண்டு விரல கொம்பு மாதிரி தலையில வச்சுக் காட்டுனேன். மானம் போனது போச்சு, இனி என்ன?

"மார்னிங், ஓல்டு ரைஸ். வாட்டர். சால்ட். ஸ்மால் ஆனியன் ஒன். சில்லி ஒன்."

"நூன்?"னு கேட்டாவ.

"சேம் ரைஸ், மேடம். மோர் வாட்டர்."

அவுக உதட்டக் கடிச்சுக்கிட்டு, "இட்லி?"ன்னாவ.

"தீவாளி."

"பாயசம்?"

"மேரேஜ். அதர் மேன் மேரேஜ்."

அவ்வளவுதான். துரைசானி மேசயில கைய ஊனிக்கிட்டு அப்படியொரு சிரிப்பு. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. கடேசியா ஒண்ணு கேட்டாவ, வீட்டுல யாரு இருக்கான்னு. அடுப்படிப் பள்ளிக்கூடத்துல புள்ளத்தாச்சிக்கு வார்த்த இல்ல. நான் என் வயித்துக்கு முன்னால கைய வளச்சுக் காட்டி, "ஒய்ப். பைவ் மந்த்"னேன். பொறவு கைய கடலு மாதிரி ஆட்டிக் காட்டி, "நோ ஜாப், ஐ கொலம்போ. ஒய்ப் நோ கொலம்போ"ன்னேன்.

சிரிப்பு நின்னுது. குமாஸ்தாகிட்ட என்னமோ மெதுவாச் சொன்னாவ. அவரு பேனாவத் திரும்பத் தெறந்தாரு.

"மொதல்ல வந்த பணக்காரன் வேண்டாமாம். ரெண்டாவது வந்த ஆளு திங்கக்கெழம வந்தாப் போதும்ங்காவ." கொஞ்சம் நிறுத்திட்டு, "ஏன் வே, எம் மானத்தையும்லா சேத்து வாங்கிட்டீரு. நானும் அவுககிட்ட தெனம் இட்லின்னுதான் சொல்லி வச்சிருக்கேன்"னாரு.

பங்களா வாசலத் தாண்டுனதும் அப்பாடான்னு ரோட்டோரக் கல்லுல உக்காந்தேன். எட்டு நாளா நெஞ்சுல ஏறி உக்காந்திருந்த கப்பலு எறங்கிப் போயிருச்சு. மச்சான் சட்டைக்குள்ள காத்து பூந்து, நான் பாக்க பலூன் மாதிரி இருந்தேன். அப்ப பாத்து நாலு சொட்டுச் சாரலு விழுந்துச்சு. ஆளப் பாரு, இனி விழுந்தா என்ன, விழாட்டா என்னன்னு வானத்தப் பாத்து ஏசிட்டு, குத்தாலத்துல இருந்து தென்காசியில எங்க வீட்டுக்கு ஓட்டமும் நடையுமா வந்தேன்.

வாசல்ல அவ நிக்கா. என் மூஞ்சியப் பாத்தா. மடியில இருந்து ஒரு சின்ன உள்ளிய எடுத்துக் காட்டுனா.

"ஸ்மால் ஆனியன்"னேன். "ஜாப்"னேன்.

முந்தானைய வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. அழுதாளா சிரிச்சாளான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டங்கா. அடுப்புல அன்னைக்குத்தான் தீ ஒழுங்கா எரிஞ்சுது.

மறுநாளு மாமா வாராரு, மச்சானும் கூட. மாமா கையில புத்தம் புதுசா ஒரு தகரப் பெட்டி. கொழும்புக்கு நான் கொண்டு போறதுக்காம்! வேல கெடச்ச சேதியக் கேட்டதும் மனுசனுக்குப் பெட்டிய எங்கன வைக்கன்னு தெரியல. அந்தப் பெட்டியிலதான் பொறவு எம் மகளுக்குத் துணி மடிச்சு வச்சோம். மச்சானுக்கு ஒரே பெருமை. "பாத்தீரா மாப்ள, நான் எழுதிக் குடுத்தத அப்படியே சொன்னீருல்லா?"ங்காரு. மாமாவும் தலைய ஆட்டிக்கிட்டு, "வெள்ளக்காரிகிட்ட நம்ம வீட்டப் பத்தி என்னதான் சொன்னீரு, ஒரு எழுத்து விடாமச் சொல்லும்"னு சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. கதவுக்குப் பின்னால இவ வாயப் பொத்திக்கிட்டு நிக்கா. நான் தொண்டையக் கனச்சுக்கிட்டு, "மாமா, கேட்டுக்கிடுங்க, மொதல்ல என்ன சொன்னேன்னா"ன்னு ஆரம்பிச்சு...

இந்தா, இப்பவும் அடுப்படியில இருந்து சத்தம் வருது. "ஏங்க! கம் ஈட்! ஓல்டு ரைஸ் பினிஷ் ஆவப் போவுது!"

இதுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்லாட்டா சட்டியக் கவுத்திருவா.

"கமிங், மேடம்!"