கடையக் கூடாத ட்றம்

கனடாவில் இருக்கும் என் அக்கா, ஊருக்கு வருவதற்கு முன் என்ன வேண்டும் என்று கேட்டாள். பிறேக் ட்றம்மின் உள்விட்டம் அளக்கும் கருவி வேண்டும் என்றேன். சென்ட் போத்தலும் சொக்கிலேற்றும் கேட்கிற உலகத்தில் இவளுக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பாள். ஆனாலும் வாங்கி வந்தாள்.

நான் கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாகப் பிறேக்கை மிதித்தால் காலுக்கடியில் துடித்தது. பின்சில்லோடு சுற்றும் இரும்பு வளையமான ட்றம் வட்டம் கெட்டுவிட்டது என்று தெரிந்தது. காலையில் படலைக்குப் படலை தாய்மார் நின்று பிள்ளைகளை என் வானில் ஏற்றிவிடுகிறார்கள். தெருவுக்குக் குறுக்கே ஒரு மாடு வந்தால் அத்தனை பிள்ளைகளுக்கும் அந்த இரும்பு வளையம்தான் காவல். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பள்ளி விடுமுறையில், ட்றம்மைச் சுழற்றி உட்புறத்தைச் சீவி வட்டமாக்கிக் கடையும் லேத் பட்டறைக்கு வானைக் கொண்டுபோனேன். பட்டறைக்கார அண்ணை ட்றம்மைக் கழற்றி, வேர்னியர் அளவுகோலை அதன் வாயில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாக் கிடக்கு தங்கச்சி. இன்னும் ஒருக்காக் கடையலாம்."

எங்கள் ஊரின் வியாதி இந்த 'இன்னும் ஒருக்கா'. சண்டையால் சாமான் வராத காலத்தில், இரும்பு மிஞ்சும்வரை கடைந்து ஓடியவர்கள் நாங்கள். அன்று அது கெட்டித்தனம். இன்று கடைகளில் புது ட்றம் அடுக்கிக் கிடக்கிறது, பழக்கம்தான் போகவில்லை.

"அண்ணை, உந்த விளிம்பிலை அளக்காதேங்கோ. அதிலை பிறேக் சூ முட்டுறேல்லை. தேயாத இடத்தை அளந்தா தேய்வு தெரியுமோ?"

"நான் எத்தினை வருசமாக் கடையிறன் எண்டு தெரியுமோ?"

"ஓம், தெரியும். அதுதான் பயமாக் கிடக்கு."

அவர் முகம் கறுத்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அவருடைய வேர்னியரின் கால் கட்டை. விளிம்பைத் தாண்டி உள்ளே, பிறேக்கை மிதிக்கையில் சூ என்ற வளைந்த தகடு விரிந்து உரசும் இடத்துக்கு அது போகாது. பட்டறைகளில் எல்லோரும் அப்படித்தான் அளந்துவந்தார்கள்.

அக்கா கொண்டுவந்த கருவியால் நான் உடனே அளக்கவில்லை. ஓடிவந்த சூட்டில் இரும்பு விரிந்திருக்கும். பிளேன்ரீ குடித்துக்கொண்டு ட்றம் ஆறும்வரை இருந்தேன். அந்த நேரத்தில் அதன் வெளிப்புறத்தையும் சுரண்டினேன். ட்றம்முக்குச் சில்வர் பெயின்ற் அடித்துப் பளபளப்பாக்குவது இங்கே ஒரு சடங்கு மாதிரி. பூச்சு உரிய உரிய, வார்ப்பிலேயே பொறித்திருந்த எல்லை தெரிந்தது: 256 மில்லிமீற்றர். கடையக் கடைய உள்விட்டம் கூடி இரும்பு மெலியும்; அதற்கு மேல் போனால் ட்றம் வீண்.

பிறகு உள்ளே கீறல் விழுந்திருந்த பரப்பைத் துணியால் துடைத்து, என் கருவியின் நீண்ட கால்களை விளிம்புக்கு அப்பால் இறக்கினேன். 255.3. கருவியைக் குறுக்கே திருப்பி வைத்தேன். 255.8. விளிம்பில் அவருக்குக் கிடைத்தது 254.3.

"சூட்டிலை கூடத்தான் காட்டும்," என்றார்.

"தொட்டுப் பாருங்கோ."

தொட்டார். குளிர்ந்து கிடந்தது. கருவியை என் கையிலிருந்து வாங்கித் தானே அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"வட்டம் சரிவரக் கடைஞ்சு, உந்தக் கீறலும் போக எடுத்தா எல்லை தாண்டிப்போடும்," என்றார் கடைசியில். "இதை இனிக் கடைய ஏலாது. புதுசைப் போடுவம்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. வென்றுவிட்டேன் என்று அந்த இடத்திலேயே ஆடியிருப்பேன், வயது விடவில்லை. அவர் பழைய ட்றம்மைத் தூக்கிப் பட்டறைக்குப் பின்னால் கிடந்த குவியலில் போடப் போனார்.

"அங்கை போடாதேங்கோ அண்ணை. உடையுங்கோ."

"ஏன்? பழைய இரும்புக்காரன் வருவான்."

"அவன் வர முன்னம் வேறை ஆரும் வருவினம். இன்னும் ஒருக்காக் கடைஞ்சு தாங்கோ எண்டுவினம். உங்களுக்கும் இல்லையெண்டு சொல்ல வாய் வராது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெரிய சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தார். ட்றம் இரண்டாய்ப் பிளந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணி போல் இனித்தது.

நான் கருவியைப் பெட்டிக்குள் வைக்கப்போகையில் அவர் கையை நீட்டினார்.

"உதை ஒருக்காத் தாங்கோ தங்கச்சி."

குவியலிலிருந்து ஒவ்வொன்றாய் இழுத்து, துடைத்து, விளிம்பைத் தாண்டி அளந்தார். எல்லை தாண்டியதெல்லாம் சுத்தியலடி வாங்கியது. கடைசியாக, பட்டறைக்குள் இருந்த மேசையிலிருந்து பளபளவென்று கடைந்து வைத்திருந்த ஒரு ட்றம்மைத் தூக்கி வந்து அதையும் அளந்தார். நிலத்தில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ரை மருமகன்ரை வானுக்கு," என்றார். "நாளைக்குப் பூட்ட எண்டு வைச்சிருந்தனான்."

பிறகு சுத்தியலைத் தூக்கினார்.